நிறமேறாத இழையம்: பாப்பிலோமா உறைப்புரதப் பிறபொருளெதிரி குறித்து மன்னார்க் கரையிலிருந்து ஒரு மறுவாசிப்பு

பேராமையின் தோற்கட்டிகள் பற்றி எலியட் ஜேக்கப்சனும் உடனாய்வாளர்களும் 1989 இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது. புளோரிடாவின் இந்தியன் ஆற்றுக் காயலில் பிடித்த ஆமைகளின் கட்டிகளில் அவர்கள் பாப்பிலோமா வைரசைத் தேடினர். பிறபொருளெதிரிச் சாயம் ஏறவில்லை, டி.என்.ஏ. சோதனையிலும் எதுவும் அகப்படவில்லை. பின்வந்தோர் பலர் இதனைப் ‘பாப்பிலோமா வைரசு இல்லை’ என்று சுருக்கிவிட்டனர். முடிவு சரியாகவே அமைந்தது. 1991 இல் அதே ஜேக்கப்சன் குழு அக்கட்டிகளில் ஹெர்பிஸ் வகை வைரசைக் கண்டது. ஆயினும் சாயம் ஏறாமையை அந்த முடிவுக்குச் சான்றாக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. கருப்பைக் கழுத்து இழையத்தை வாசிப்பதிலும் இதே தவறு நேரக்கூடும் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

அந்தப் பிறபொருளெதிரி எப்படிப் பிறந்தது? மனிதப் பாலுறுப்பு மருக்களில் வைரசுத் துகள்கள் சொற்பம். மாட்டு மருக்களிலோ அவை ஏராளம். முழுத் துகளை முயலுக்கு ஏற்றினால் பெரும்பாலும் அந்த ஒரு வகையை மட்டும் அறியும் எதிரிகளே உண்டாகும். துகளைச் சலவைப்பொருளால் உடைத்து ஏற்றினால், உறைக்குள் மறைந்திருக்கும் பொதுப் பகுதிகளை அறியும் எதிரிகள் கிடைக்கும். பென்னெட் ஜென்சன் குழுவினரின் 1980 ஆம் ஆண்டுக் கட்டுரை வெவ்வேறு விலங்குகளின் பாப்பிலோமா வைரசுகளிடையே உள்ள இந்த உறவை நிலைநாட்டியது. மாட்டு வைரசுக்கு எதிராக முயலில் உண்டான எதிரி, பார்மலினில் பதமாக்கிப் பாரபினில் புதைத்த மனித இழையத்திலும் கலக்கருவைப் பழுப்பாக்கியது.

வைரசு இருந்தும் இந்தச் சாயம் ஏறாமல் போகலாம் என்பதற்கு, மன்னார் நகரில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதையையே பார்க்கலாம். குதிரை, கழுதை இனங்களுக்கு வரும் சார்க்கொயிட் என்னும் தோற்கட்டிக்குக் காரணம் மாட்டுப் பாப்பிலோமா வைரசே. குதிரையினக் கட்டிகளில் அதன் டி.என்.ஏ. இருப்பதை லங்காஸ்டர், ஓல்சன், மைன்கே மூவரும் 1977 இலேயே காட்டிவிட்டனர். ஆனால் அக்கட்டியில் உறைப்புரதம் வழக்கமாகத் தென்படுவதில்லை. மாட்டு வைரசுக்கென்றே உண்டான பிறபொருளெதிரி, அதே வைரசால் வந்த கட்டியில் மௌனம் காக்கிறது! லங்காஸ்டரும் ஓல்சனும் 1980 ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் ஆசிரியர்கள். கருவியின் எல்லை அதை உருவாக்கியவர்களுக்குத் தெரியாததன்று.

காரணம் வைரசின் வாழ்முறையில் இருக்கிறது. தோலின் மேலடுக்குக் கலங்கள் முதிரும்போதுதான் உறைப்புரதம் உற்பத்தியாகும். சார்க்கொயிட்டில் வைரசு தங்குவது பெரும்பாலும் நார்க்கலங்களில். அங்கே புதுத் துகள் உருவாவதில்லை.

விலங்கின உறவு தூரமானதால் ஆமையில் சாயம் ஏறவில்லை என்று ஒருவர் வாதிடலாம். அது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. நம் கடலின் ஆவுளியாவுக்கு உறவான புளோரிடா மனாட்டியின் மருக்களில் பாப்பிலோமாப் பொது உறைப்புரதம் இருப்பதை கிரெகரி பொசார்ட் குழு 2002 இல் அறிவித்தது. ஜென்சனும் அதில் ஒருவர். அந்த வைரசு குடும்ப மரத்தின் வேர்ப்பக்கம் நிற்பது 2004 இல் தெரியவந்தது. அத்தனை தொலைவிலும் சாயம் ஏறியது. ஆமை ஊர்வன ஆகையால் இது முழுச் சான்றாகாது என்பதை ஒப்புகிறேன். கடலாமைகளுக்கும் சொந்தப் பாப்பிலோமா வைரசுகள் உண்டென்பது 2008-09 இல்தான் வெளிப்பட்டது. 1989 இல் அவற்றுக்குரிய டி.என்.ஏ. துருவி எவரிடமும் இருந்திருக்க முடியாது.

மனித இழையத்தில் இதன் விளைவு கனமானது. கருப்பைக் கழுத்தின் ஆரம்பநிலை மாற்றங்களில் சாயம் ஓரளவு ஏறியது. நோய் முற்ற முற்றக் குறைந்தது. புற்றுநோயில் அநேகமாக இல்லை. வைரசு விலகிவிட்டது என்று இதை வாசிக்க இடமிருந்தது. சூர் ஹவுசன் குழு 1983 இல் மனிதப் பாப்பிலோமா வைரசின் 16 ஆம் வகையையும் 1984 இல் 18 ஆம் வகையையும் புற்றுக்கட்டிகளிலேயே கண்டெடுத்ததும் அந்த வாசிப்பு நிற்கவில்லை. உறை போயிற்று, வைரசின் ஈ6, ஈ7 மரபணுக்கள் தங்கின. உறைச்சாயம் எந்த ஆண்டில் வழக்கொழிந்தது என்று திட்டமாகச் சொல்ல இயலாது; 1980களின் பிற்பாதியிலிருந்து மெல்லப் பின்வாங்கியது எனலாம். இன்று நோய்க்கூற்றியலாளர் பெரிதும் நம்பும் பி16 சாயம் வைரசுப் புரதத்தையே தேடுவதில்லை. கலப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்பி புரதத்தை ஈ7 முடக்கும்போது கலம் குவிக்கும் தன் சொந்தப் புரதத்தையே அது காட்டுகிறது. வேறு காரணத்தாலும் பி16 உயரலாம் என்பதால் அதுவும் வைரசுக்கு நேர்ச்சான்று ஆகாது.

இலங்கையில் 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் பெண்களுக்குப் பாப் பரிசோதனை நடந்துவருகிறது. 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாப்பிலோமா வைரசுத் தடுப்பூசி ஏற்றப்படுகிறது. மன்னார்ப் பெண்களின், பாரபினில் புதைத்த பழைய இழையங்களை ஆய்வுக்காக மீளத் திறப்போர் உறைச்சாயத்தைப் பயன்படுத்தினால், ‘உறைப்புரதம் காணப்படவில்லை’ என்ற அளவில் அறிக்கையை நிறுத்துக. வைரசு இல்லை என்று எழுத டி.என்.ஏ. சோதனை வேண்டும்.