தோற்காத பதினொருவரும் ஆலைச் சங்கும்

1918 ஏப்ரல் 27-க்கு, பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாளுக்கு, இந்த வாரம் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தேன். சங்கத்தைக் கட்டிய வாடியாவும் திரு.வி.க.வும் கொஞ்சம் காத்திருக்கட்டும். அதற்கு முன் ஒரு கால்பந்து வழக்கைத் தீர்த்தாக வேண்டும். வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் சந்துக்குச் சந்து பந்து உருள்கிறதே, அப்படிப்பட்ட வடசென்னைக்கு அந்தக் காலத்தில் கல்கத்தாவின் மோகன் பகான் மாதிரி ஓர் அணி ஏன் வாய்க்கவில்லை? வங்காளிக்கு ரோஷம் அதிகம், நமக்கு அது போதாது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. சுத்த அபத்தம். ரோஷத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை. நேரத்தை அளக்கத்தான் கடிகாரம் இருக்கிறதே.

முதலில் மோகன் பகானின் பெயர் சொல்லும் ஆட்டம். 1911 ஜூலை 29, கல்கத்தா, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி. எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவுச் சிப்பாய்கள், காலில் கனத்த பூட்ஸ். மோகன் பகானில் பூட்ஸ் மாட்டியவர் பாதிரியார் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். மீதிப் பத்துப் பேரும் வெறுங்கால். கூட்டத்தைச் சமாளிக்க ரயில்வே தனி வண்டி விட்டது. பின்வரிசைக்கு மைதானம் தெரியவில்லை என்பதால் கோல் கணக்கை எழுதிக் காத்தாடி ஏற்றினார்கள். காசிமேட்டுக் காத்தாடிக்காரர்கள் கேட்டால் சொக்கிப்போவார்கள். இரண்டாம் பாதியில் ஜாக்சனின் ஃப்ரீ கிக்கில் வெள்ளையர்களுக்கு முதல் கோல். முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கையில் கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி இடப்பக்கமாக நழுவி வந்து சமன் செய்தார். கடைசி நேரத்தில் அபிலாஷ் கோஷ் அடித்தது வெற்றி கோல். 2-1. ஷீல்டு முழுக்க ஆறு ஆட்டங்கள்: ஐந்தில் வெற்றி, மிடில்செக்ஸ் படையோடு ஒன்று டிரா. அடித்தது 12, வாங்கியது மூன்றே. மிடில்செக்ஸோடு நடந்த மறு ஆட்டத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் பிகாட், அபிலாஷோடு மோதிக் கண்ணில் அடிபட்டார். வீரகாதை பாடுகிறவர்கள் இதை மென்று விழுங்கிவிடுகிறார்கள். அபிலாஷ் எனக்கும் நாயகன்தான், அதற்காக மறைப்பானேன்?

சரி, இந்தப் பதினொருவர் யார்? ஷிப்தாஸ் கால்நடை மருத்துவ ஆய்வாளர். சுதிர் கல்லூரி ஆசிரியர். அபிலாஷ் கல்லூரி மாணவர். வெறுங்காலைப் பார்த்து ஏழைகள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது; மாலை நாலு மணிக்கு மைதானத்துக்கு வர முடிந்தவர்கள் இவர்கள். அதே 1911-ல்தான் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நெசவாலையில் ஆண் தொழிலாளியின் வேலை நாளுக்கு அது வைத்த உச்சவரம்பு 12 மணி நேரம். வரம்பே அதுதான் என்றால் அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலையின் சங்கு ஊதி வெளியே வருகிறவன் பந்தைத் தேடுவானா, பாயைத் தேடுவானா? ராயபுரத்துத் துறைமுகக் கூலி கதை இன்னும் மோசம். அத்தக்கூலி, கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. நாளை மாலை எங்கே இருப்போம் என்று தெரியாதவர்களை வைத்து எப்படி அணி கட்டுவது?

உழைத்துக் களைத்தவன் ஆட மாட்டான் என்பது தொழிலாளியைக் குறைத்துப் பேசுவதாகாதா என்று கேட்கலாம். இங்கிலாந்தைப் பாருங்கள். 1850-ல் ஒரு சட்டம் அங்கே நெசவாலைகளைச் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மூடவைத்தது. 1883-ல் நெசவாளிகளும் நூற்பாலைக்காரர்களும் கலந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களான சீமான் பிள்ளைகளை 2-1 என்று சாய்த்து எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கிப்போனது. நேரம் கையிலிருந்தவர்கள் கதையையும் பாருங்கள்: அமெரிக்காவில் சுவானி என்ற சின்னக் கல்லூரி 1899-ல் பன்னிரண்டு ஆட்டம் ஆடிப் பன்னிரண்டிலும் ஜெயித்தது. அவற்றில் ஐந்து ஆறே நாளில், ரயிலேறி ஊர் ஊராகப் போய். அவர்கள் ஆடியது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்தான், இருக்கட்டும். கூலிக்காரனுக்கு அந்த ஆறு நாள் லீவை எந்த முதலாளி கொடுத்திருப்பான்? பெரம்பூர் ஆலை நிர்வாகம் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே நடத்தியதே என்று இன்னொரு வாதம் வரும். நடத்தியது, உண்மை. பள்ளிக்கூடம் பிள்ளைக்கு, சங்கு அப்பனுக்கு.

வேலை நேரம் 1922-லும் 1934-லும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு 1946-ல் வந்தது; துறைமுகக் கூலிகளின் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948-ல். திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டி ஆலை, பெரம்பூர் ஐ.சி.எஃப்., துறைமுகம் என்று பெயர் பொறித்த பனியன்களோடு வடசென்னை ஆட்கள் லீக் ஆட்டங்களில் இறங்கிய காலத்தை இந்த ஆண்டுகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோஷம் 1946-லோ 1948-லோ திடீரென்று ஊறிவிடவில்லை.

பக்கம் தீர்ந்துவிட்டது, சங்கம் இன்னும் பிறக்கவில்லை. மதியச் சோற்றுக்கு விட்ட அரை மணி போதவில்லை என்ற முறையீட்டோடு பெரம்பூர் தொழிலாளிகள் செல்வபதி செட்டியாரின் கடைக்கு வருவதிலிருந்து அடுத்த வாரம்.