பங்காளிச் சண்டையும் பொதுக்கிணறும்

லினக்ஸ் உலகின் பங்காளிச் சண்டைகளில் மிக நீண்டது கேடிஇ, க்னோம் என்னும் இரு பணிச்சூழல்களுக்கு இடையே நடந்தது. (பணிச்சூழல் என்பது கணினியைத் திறந்ததும் கண்ணெதிரே விரியும் திரை, சாளரம், பட்டி அனைத்தும் சேர்ந்தது.) ஒரே வேலைக்கு இரண்டு திட்டங்கள் எதற்கு, ஒன்றை மூடிவிட்டு எல்லோரும் மற்றதில் உழைக்கலாமே என்று கேட்காதவர் குறைவு. அப்படி நடக்கவில்லை. நடக்காததே நல்லது என்பது என் கட்சி.

1996 அக்டோபரில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ திட்டத்தை அறிவித்தார். பொத்தானும் பட்டியும் வரைவதற்கு அவர் தேர்ந்த க்யூடி என்ற நிரல்தொகுப்பு, நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இலவசமாகக் கிடைத்தது, ஆனால் அதைத் திருத்திப் பிறருக்கு வழங்கும் உரிமை இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தாருக்கு இது சிறு குறையல்ல, கொள்கைப் பிழை. 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகெல் டி இகாஸாவும் ஃபெடரிக்கோ மேனாவும் க்னோமைத் தொடங்கினர். ஆக, பிரிவினையின் வேர் ரசனையில் இல்லை. உரிமப் பத்திரத்தின் சில வரிகளில் இருந்தது.

1998இல் கேடிஇ தரப்பும் ட்ரோல்டெக்கும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தன. நிறுவனம் கட்டற்ற பதிப்பை நிறுத்திவிட்டால், க்யூடியைத் தாராள உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் அதற்கு உண்டு. 2000 செப்டம்பரில் க்யூடி, இயக்கத்தின் சொந்த உரிமமான ஜிபிஎல்லுக்கே வந்துவிட்டது. க்னோம் என்ற போட்டி இல்லாதிருந்தால் ட்ரோல்டெக் இவ்வளவு விரைவில் இறங்கி வந்திருக்குமா என்பது ஐயமே. சண்டையின் காரணம் தீர்ந்தது. ஆனால் அதற்குள் இரு வீட்டாரும் குடிபுகுந்து விட்டனர். கேடிஇக்கு 1997இலேயே ஜெர்மனியில் பதிவுபெற்ற சங்கம். க்னோமுக்கு 2000இல் பெருநிறுவன ஆதரவோடு ஓர் அறக்கட்டளை.

இடையில் தவித்தவர் பயனர். ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதன் பட்டியில் தோன்றாது. இங்கே நகலெடுத்த வரியை அங்கே ஒட்டினால் வேறேதோ வந்து விழும்.

2000இல், ரெட் ஹேட் நிறுவனத்தில் பணியாற்றிய ஹாவக் பென்னிங்டன் ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொதுத்தளத்தை அமைத்தார். அவர் க்னோம்காரர், ஐயம் எழுவது இயல்பு. எனினும் அத்தளம் தன்னை முறையான தரநிர்ணய அமைப்பு அல்ல என்றே அறிவித்துக்கொண்டது. அதில்தான் அதன் சாமர்த்தியம். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அதற்கில்லை. இரு தரப்பும் பேசி எழுதிவைக்கும் இடம் மட்டுமே. வழக்கைப் பார்த்து இலக்கணம் செய்யும் நம் முறைதான் ஏறக்குறைய. நகலெடுப்புச் சிக்கலும் அப்படியே தீர்ந்தது. சுட்டியால் தேர்ந்த வரி வேறு, கட்டளையிட்டு நகலெடுத்த வரி வேறு. க்யூடியின் 2ஆம் பதிப்பு இரண்டையும் குழப்பியது; 3ஆம் பதிப்பு வழிக்கு வந்தது.

இவற்றினும் பெரிது டி-பஸ். நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள கேடிஇ டிகாப் என்ற முறையையும், க்னோம் கோர்பா என்ற கனத்த முறையையும் வைத்திருந்தன. 2002இல் ரெட் ஹேட் பொறியாளர்கள் தொடங்கிய டி-பஸ், டிகாப்பின் கருத்துகளை எடுத்துக்கொண்டது. 2008 ஜனவரியில் வெளிவந்த கேடிஇ 4, தான் பெற்ற டிகாப்பை விட்டு எதிர்வீட்டில் வளர்ந்த டி-பஸ்ஸை ஏற்றது. எந்த அறக்கட்டளையும் ஆணையிடவில்லை. எனக்கு இவ்வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுவே.

2009இல் லாஸ் பால்மாஸிலும் 2011இல் பெர்லினிலும் இரு தரப்பும் ஒன்றாக மாநாடு கூடின; 2012இல் மறுபடி தனித்தனி. அதிகாரம் இல்லாமைக்கு விலையும் உண்டு. திரையோரத்தில் நிரல்கள் காட்டும் சிறு குறிகளுக்குக் கேடிஇ ஒரு வரையறை முன்வைத்தது. உபுண்டு ஏற்றது, க்னோம் ஏற்கவில்லை. 2011இல் இதை வைத்துக் கடுமையான வாக்குவாதமே நடந்தது. அக்குறிகளைப் பார்க்க விரும்பும் க்னோம் பயனர், இன்றும் தனியாக ஒரு நீட்சியை நிறுவிக்கொள்கிறார்.