கோழிக்கு வைத்த தண்ணீர்: காளையார்கோவில் வட்டாரத்தின் சட்டியும் டின்னும் குழாயும்

காளையார்கோவில் வட்டாரத்தில் கோழிக்கு வைக்கும் தண்ணீரைக் கெடுப்பது வெயில். சிவகங்கையிலிருந்து தொண்டிக்குப் போகும் சாலையில் உள்ள இந்த ஊரில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். பங்குனி முதல் ஆனி வரை தரை காய்ந்து கிடக்கும். காலையில் ஊற்றிய தண்ணீர் உச்சிப்பொழுதுக்குள் சுடுநீராகிவிடும். கனடாவிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் கோழி வளர்ப்போர் இதற்கு நேர்மாறான தொல்லையோடு போராடுகிறார்கள். அங்கே இரவு வைத்த தண்ணீர் விடிவதற்குள் கட்டியாகிவிடும். அதைத் தடுக்க, பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அதன் மேல் தண்ணீர்க் குடுவையை வைப்பது அங்குள்ளவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஏற்பாடு. தமிழ்நாட்டில் அப்படியொரு தேவை வந்தால் மார்கழி, தை மாத உறைபனியில் உதகைப் பக்கம்தான் வரவேண்டும். சிவகங்கைச் சீமையின் கைவேலை எல்லாம் தண்ணீரைக் குளிர வைப்பதில்தான் போனது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். சூடு ஏறினால் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து இளைக்கும். மூச்சோடு போகும் ஈரம்தான் உடலைத் தணிக்கிறது. அந்த ஈரத்தைத் தண்ணீர் குடித்தே ஈடுகட்ட வேண்டும். மிதமான பருவத்தில் முட்டையிடும் கோழி தின்னும் தீவனத்தைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள தண்ணீரைக் குடிக்கும், நாளுக்குக் கால் லிட்டர் அளவு. கடுங்கோடையில் இது இரட்டிப்பாகலாம். ஆனால் தண்ணீர் சூடாக இருந்தால் ஒரு வாய் வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், பிறகு முட்டையும் குறையும். ஓயாமல் இளைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் முட்டையின் ஓடு சரியாக உருவாவதில்லை. சித்திரையில் ஓடு மெலிந்த முட்டையும் தோல்முட்டையும் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழகத்தில் வீட்டுக்கோழிக்கு நீண்ட வரலாறு உண்டு. காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியைப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டும் காட்சி பட்டினப்பாலையில் வருகிறது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. ஆனாலும் பல கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு தென்னிந்தியாவின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காளையார்கோவிலே சங்க காலத்தில் கானப்பேர் என்ற கோட்டை ஊர்; புறநானூற்றின் 21-ஆம் பாட்டு அதன் ஆழ்ந்த அகழியையும் காவற்காட்டையும் பேசுகிறது. காடு அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. 1801-இல் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த கும்பெனிப் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட வாரக்கணக்கில் முயன்று, முடியாமல் பின்வாங்கியது. அக்டோபர் 1-ஆம் தேதிதான் ஊர் அவர்கள் கையில் விழுந்தது. அத்தனை அடர்ந்த நிழல் இருந்த இடத்தில் சிறுவிடைக் கோழிக்குத் தனியாகத் தண்ணீர் வைக்கும் கவலை குறைவாகவே இருந்திருக்கும். மேயப் போன இடத்தில் கண்மாய்க் கரையிலோ வாய்க்காலிலோ அது குடித்துக்கொள்ளும். ஊருணி மனிதருக்கான குடிநீர். கால் நனைக்கவே விடாத இடம், கோழி அண்டவும் வழியில்லை.

காடு அழிந்து, கண்மாய் கோடையில் வற்றும் ஊரில் வீட்டு வாசலிலேயே தண்ணீர் வைப்பது கட்டாயமானது. அதற்கான பாத்திரத்தை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. தண்ணீர்ப் பானை விளிம்பு உடைந்தால் தானியம் போட்டுவைக்க உதவும், மேலும் உடைந்தால் அதன் அடிப்பாகம் கோழிச்சட்டியாகும். குஞ்சு விழுந்து சாகாதிருக்க அதற்குள் நாலைந்து கூழாங்கற்கள் கிடக்கும். வேப்பமரத்தடியில் மணலைக் குழித்து, சட்டியைப் பாதிக்குமேல் புதைத்து, சுற்றிலும் மணலை நனைத்துவிட்டால் உச்சிவெயிலிலும் தண்ணீர் தாங்கும். பஞ்சாரத்துக்குள் அடைத்த தாய்க்கோழிக்கும் குஞ்சுகளுக்கும் மட்டும் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. வாயருகே சிறு துளையிட்ட கலயத்தில் தண்ணீரை நிரப்பி, தட்டையான சட்டியில் கவிழ்த்து வைப்பார்கள். சட்டியில் நீர் துளைக்குக் கீழே இறங்கினால் காற்று உள்ளே புகும். அந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும். துளை மூடியதும் நின்றுவிடும். இன்று கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் குடுவையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

மண் குளிர்விப்பதன் கணக்கு எளியது. சுட்ட களிமண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைச் சட்டிக்குள் இருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொண்டால், 58 கிராம் தண்ணீரை 10 டிகிரி இறக்கப் போதும். வெளியிலிருந்து சூடு ஏறிக்கொண்டே இருப்பதால் முழுப் பலனும் கிடைக்காது என்றாலும், காற்று உலர்ந்திருக்கும் மாதங்களில் வேறுபாடு கைக்குத் தெரியும். இந்தச் சீமைக்கு அருகிலேயே இதற்கேற்ற தொழில் இருந்தது ஒரு கொடுப்பினை. வைகைக் கரையில் இருக்கும் மானாமதுரை, இசைமேடையில் ஒலிக்கும் கடத்துக்குப் பேர்போன ஊர்; அதே குயவர்களின் கையில்தான் சமையல் சட்டியும் தண்ணீர்ப் பானையும் உருவாயின. கடம் நுண்துளை குறைந்து, அடர்ந்து, கணீரென்று ஒலிக்க வேண்டும். தண்ணீர்ப் பானை மெல்லக் கசிய வேண்டும். மண்ணோடு சேர்க்கும் மணலின் அளவும் சூளையின் சூடும் இவ்விரண்டையும் பிரிக்கின்றன. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது கடமே செய்தியானது. கோழிச்சட்டியை யாரும் எழுதவில்லை.

பிறகு டின் வந்தது. 1886-இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய் இந்தியச் சந்தையில் பரவ, காலியான நாலுமூலை டின் வீடுதோறும் தண்ணீர் இறைக்கவும் தவிடு கொட்டி வைக்கவும் பயன்பட்டது. செட்டிநாட்டு நகரத்தாரின் வட்டித்தொழில் கொடிகட்டிப் பறந்த அதே பர்மாவிலிருந்து வந்த எண்ணெய் அது. டின்னைக் குறுக்கே வெட்டி, கூர்விளிம்பை மடித்து அடித்தால் கோழித்தொட்டி தயார். உடையாது, இடம் மாற்றலாம். ஆனால் தகரம் கசியாது. வெயில் பட்டால் சுடும். குளிர்ச்சியைப் பொறுத்தவரை இது பின்னடைவுதான். உடையாத பாத்திரம் என்ற ஒரே வசதிக்காக அதை ஏற்றுக்கொண்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை. டின் வந்த பின் ஈரச்சாக்கைச் சுற்றுவதும் நிழலுக்கு நிழல் இடம் மாற்றுவதும் அன்றாட வேலையாயின. அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இதே கதை.

இருபதாம் நூற்றாண்டில் தண்ணீருக்கு வேறொரு வேலையும் சேர்ந்தது. 1920-களில் காட்பாடியில் ஆர்க்காடு மிஷனின் வேளாண் பள்ளி வெள்ளை லெகார்ன் சேவல்களைக் கொண்டு நாட்டுக்கோழியின் முட்டையைப் பெரிதாக்கும் பணியில் இறங்கியது. அதே பத்தாண்டில், 1927 வாக்கில், குமாவுன் மலையின் ராணிக்கெட்டில் ஒரு கொள்ளைநோய் கண்டறியப்பட்டது. தமிழில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் அந்நோய் வந்தால் கொல்லையே காலியாகும். அதற்கான தடுப்பு மருந்துகளில் சில குடிநீரில் கலந்து கொடுக்கப்படுபவை. மருந்தில் இருப்பது உயிருள்ள நச்சுயிரி என்பதால் சூடும் குளோரினும் அதைக் கொன்றுவிடும். எனவே கோழிகளை ஓரிரு மணி நேரம் தாகத்தில் விட்டு, குளிர்ந்த கிணற்று நீரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து, ஐஸ் சேர்த்து, விடிகாலையில் வைப்பார்கள். தண்ணீரைச் சூடேறாமல் காக்கும் பழைய பழக்கம் மருந்து காக்கும் முறையாகவும் ஆனது. கிராமத்துக் கோழிகளுக்கு அரசு கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் இரு வார முகாம் நடத்தி ஊசியாகவே போடுகிறது.

நாமக்கல் பாணிக் கூண்டுப் பண்ணை பெருகியபின் சட்டியின் இடத்தில் நிப்பிள் குழாய் வந்தது. எச்சம் விழாத, சிந்தாத தண்ணீர் அதன் பெரிய நன்மை. பலவீனம் கூரையருகே இருக்கிறது: வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியும் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் குழாயும் மதியத்துக்குள் வெந்நீரைத் தருகின்றன. தொட்டிக்கு ஓலைக்கூரை போடுவது, வெள்ளை அடிப்பது, குழாயில் ஈரச்சாக்கு சுற்றுவது, உச்சிவேளையில் குழாய் நீரைத் திறந்துவிட்டுப் புதுநீர் ஏற்றுவது என்று பண்ணைக்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் அனைத்தும் நனைந்த மணலில் புதைத்த சட்டியின் மறுவடிவங்களே.

காளையார்கோவில் பக்கத்து வீடுகளில் இன்று பிளாஸ்டிக் குடுவையும் மண்சட்டியும் அருகருகே இருக்கின்றன. மண்சட்டிக்கும் குறைகள் உண்டு. உப்புக்கிணற்று நீர் ஊற்றினால் நுண்துளைகள் அடைபட்டு, ஒன்றிரண்டு கோடையில் கசிவு நின்றுபோகும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நாள் நீளும். உள்ளே பாசி பிடித்தால் குஞ்சுக்குக் கழிச்சல் வரும். காற்றில் ஈரம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையில் ஆவியாதல் தடைபடுவதால் சட்டியால் குளிர்ச்சி இல்லை, அந்த மாதங்களில் அதற்குத் தேவையும் இல்லை. அப்போது சட்டியைச் சுற்றித் தரை சொதசொதவென்று கிடந்தால் இரத்தக்கழிச்சல் கிருமி பெருகும் என்பதால், புதைத்த சட்டியைத் தோண்டியெடுத்துச் செங்கல் மேல் ஏற்றி வைத்துவிடுவார்கள்.