தேசவழமையும் பிள்ளைகளின் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணைத் தீவிலுள்ள ஊர்களுள் ஒன்று சரவணை. இத்தீவினை ஒல்லாந்தர் லைடன் என அழைத்தனர். அவர்தம் ஆட்சியிலேயே, இவ்வூர் உள்ளிட்ட யாழ்ப்பாணப் பிரதேசத்தின் வழக்காறுகள் தேசவழமை எனத் தொகுக்கப்பட்டன. ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அளித்த தொகுப்பு, தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் ஒப்புதலைப் பெற்றது. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு வழங்கினர். அதன் சொத்துரிமை விதிகள் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. பிள்ளைகளின் பராமரிப்புப் பற்றி அது கூறுவனவற்றை நாம் இங்கு நோக்குவோம்.

தந்தை இறப்பின், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புடன் சொத்தும் தாயிடமே இருக்கும். தாய் இறப்பின், மறுமணம் செய்யாதவரை தந்தைக்கும் அதுவே விதி. தந்தை மறுமணம் செய்ய விழையின், தாயின் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ பிள்ளைகளைப் பொறுப்பேற்பது வழக்கம். அவ்வேளை இறந்தவளின் சீதனம் முழுவதையும், தேடியதேட்டத்தில் பாதியையும் தந்தை அவர்களிடம் ஒப்படைத்தல் வேண்டும். மாற்றாந்தாய் வரும் வீட்டில் பிள்ளையின் பங்கு அழியாது காக்கும் ஏற்பாடு இது. அதன் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. எனினும், பிள்ளை இங்கு சொத்துடன் சேர்ந்தே கைமாறுகிறது. பிள்ளையின் நலனோ விருப்பமோ தனித்து வினவப்படவில்லை. மணமாகாத ஆண்மக்களின் சம்பாத்தியம், அவர்கள் அணிந்த பொன், வெள்ளி அணிகள் நீங்கலாக, குடும்பப் பொதுச்சொத்தைச் சேரவேண்டும் என்பதும் விதி. நிலவுடைமைச் சமுதாயத்தில் குடும்பம் உற்பத்தி அலகாகவும் இயங்கியமையின் விளைவு இது.

அவ்வாறாயின், சொத்தே இல்லாதோரின் பிள்ளைகள் நிலை யாது? அதே தேசவழமையின் அடிமைகள் பற்றிய பகுதி விடை கூறுகிறது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளைகள் அவளை உடையவருக்கே உரியர். ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சொத்து இருந்தது. மற்றொரு வீட்டில் பிள்ளையே சொத்தாயிருந்தது. அடிமைநிலை தாய்வழியே தொடர்ந்தமையாலேயே, 1821ஆம் ஆண்டு ஒழுங்குவிதி பெண் குழந்தைகளைப் பிறந்தவுடன் அரசு விலைகொடுத்து விடுவிக்க வழிசெய்தது. விலையைப் பெற்றவர் உடையவரேயன்றிப் பெற்றோர் அல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1844இலேயே அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது.

தேசவழமை கூறாதுவிட்ட இடங்களை உரோமன்-ஒல்லாந்தச் சட்டம் நிரப்பிற்று. அது தந்தையையே இயற்கைப் பாதுகாவலராகக் கொண்டது. 1889ஆம் ஆண்டுப் பராமரிப்புக் கட்டளைச்சட்டம் வேறொரு திசையிற் சென்றது. வசதியிருந்தும் பராமரியாத தந்தையிடமிருந்து, திருமணத்திற்குப் புறம்பே பிறந்த பிள்ளையும் பராமரிப்புக் கோர அது இடமளித்தது. சொத்தின் வாரிசு என்றன்றி, பசியுடைய உயிர் என்ற முறையில் பிள்ளை சட்டத்தின் முன் நின்றது. இலங்கை 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்ற 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டம், தாய் தந்தை இருவரையுமே பொறுப்பாளிகளாக்கிற்று.

இவ்வளர்ச்சி முற்போக்கானதே. ஆயினும் அதன் எல்லையையும் நாம் காணல் வேண்டும். 1990இல் போர் தீவகத்தை எட்டியபோது மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். காணியும் பனந்தோப்பும் எட்டாத் தொலைவிலாயின. சொத்தைச் சார்ந்த பாதுகாப்பின் வலுவீனம் அங்கே வெளிப்பட்டது. புதிய சட்டமோ ‘போதிய வசதி’ உள்ள பெற்றோரிடமே கைநீட்டுகிறது. கடற்றொழிலாளியும் கூலி விவசாயியும் தம் பிள்ளையைப் புறக்கணிப்பதில்லை; அவர்தம் வருவாயே போதாது. அத்தகைய பெற்றோருக்கு உதவுதல் அரசின் கடன் எனச் சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை கூறுகிறது. சரவணையின் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அக்கடன் தீர்க்கப்படும்வரை, உரிமை ஏட்டளவிலேயே நிற்கும் என்பது நமது முடிபு.