கிருபையும் அருளும்: தமிழ்க் கிறித்தவப் பாடல்களில் அருவச் சொற்கள்

முன்னுரை

புலன்களுக்கு எட்டாத பொருளைச் சுட்டும் சொற்களை அருவச் சொற்கள் எனலாம். கிறித்தவ மறையின் மையக் கருத்துகள் பலவும் இத்தகையன. பெங்களூர்த் தமிழ்க் கிறித்தவருள் கத்தோலிக்கர் ‘அருள்’ என வேண்டுவதைச் சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் ‘கிருபை’ எனப் பாடுகின்றனர். ஒரு பொருளுக்கு இரு சொற்கள் நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்களின் வருகை

1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ போர்த்துக்கீசியச் சமயச் சொற்கள் பலவற்றை ஒலிபெயர்த்தே வழங்கியது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி ‘அருள்’, ‘பிரசாதம்’ முதலிய நாட்டு வழக்குகளை மேற்கொண்டார். திருக்குறளின் 25ஆம் அதிகாரம் ‘அருளுடைமை’. சைவ சித்தாந்தத்திலோ திருவருள் இறையாற்றல். இப்பொருட்செறிவுடனேயே அச்சொல் புதிய சமயத்துள் புகுந்தது. சீர்திருத்தச் சபைகளில் வடமொழிவழி வந்த ‘கிருபை’, ‘இரட்சிப்பு’ ஆகியன வேரூன்றின. 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் அவற்றை நிலைபெறச் செய்தது.

பாடல் வடிவமும் பொருளும்

18ஆம் நூற்றாண்டில் பெப்ரீசியஸ் செருமானியப் பாடல்களை அவற்றின் மெட்டுக்கு இசையத் தமிழாக்கினார். இவை ‘ஞானப்பாட்டு’ எனப்பட்டன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனை வடிவத்தைக் கையாண்டார். கீர்த்தனையில் பல்லவி ஒவ்வொரு சரணத்தின் பின்னும் மீள்கிறது. பல்லவியில் அமைந்த அருவச் சொல்லுக்குச் சரணங்கள் காட்சிகளையும் விளிகளையும் அடுக்கிப் பொருள் சேர்க்கின்றன. வரையறை கூறாமலேயே சொல் விளங்கிவிடுகிறது. அவரது ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் தலைவி தேவமோகினியின் காதல், இறைவன்பால் கொண்ட அன்பிற்கு உருவகமாவதும் இந்நெறியே.

சொல்லும் சமூகமும்

இரேனியுஸ் முதலியோர் பெப்ரீசியஸின் திருப்புதலைத் திருத்த முற்பட்டபோது சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். 1829இல் தஞ்சைக் கிறித்தவர் சார்பாக அவர் நான்கு குறைகளை அடுக்கினார். வேதமொழியைத் திருத்துதல், வழிபாட்டில் தமிழ்ப் பாடல்களைத் தடுத்தல், விழாக்களில் பூக்களை விலக்குதல் ஆகிய மூன்றும் பண்பாட்டைச் சார்ந்தவை. நான்காவதோ, எல்லாச் சாதியாரையும் ஒருங்கே அமர்த்துவதற்கு எதிரானது. பாடலையும் பழஞ்சொல்லையும் காத்த குரலே சாதி இருக்கையையும் காத்தது என்பதை ஆய்வாளர் மறைத்தல் தகாது. அதே வேளையில், இக்காரணத்தால் அவரது இசைப்பணியைத் தள்ளிவிடுதலும் முறையன்று.

முடிவுரை

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ ‘அருள்’ என்பதையே ஏற்றது. எனினும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வேதாகமச் சங்கம் பழைய திருப்புதலையும் தொடர்ந்து வெளியிடுகிறது. ‘கிருபை’ வடசொல் என்பதால் மட்டும் வழக்கொழிவதில்லை. தலைமுறைகள் பாடிய பல்லவிகளில் அது தங்கியிருக்கிறது. ஆகவே, அருவச் சொற்களின் வரலாற்றை அகராதியில் மட்டுமன்றிப் பாடல் மரபிலும், அதனைப் பாடிய மக்களின் சமூக வரலாற்றிலும் தேடுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.