வகுப்பு என்னும் ஒரு சொல்

‘வகுப்பு’ என்னும் சொல் தமிழில் ஒரே பொருளோடு நிற்பதில்லை. பள்ளியில் அது மாணவர் அமரும் அறையைக் குறிக்கும். 1920களின் மேடைகளில் ‘வகுப்புவாரி உரிமை’ என்று முழங்கியோர் அச்சொல்லால் சாதி, சமயப் பிரிவுகளைக் குறித்தனர். அதே காலத்தில் ‘தொழிலாளர் வகுப்பு’ என்று பேசியோர் கூலிக்கு உழைக்கும் மக்கள் அனைவரையும் ஒருசேரக் குறித்தனர். ‘வர்க்கம்’ என்னும் சொல் அவர்தம் எழுத்தில் நிலைபெற்றது பிற்காலத்தில்தான். நம்மையோ அரசாங்கம் ‘தாழ்த்தப்பட்ட வகுப்பினர்’ என்று ஏட்டில் எழுதி வைத்தது. நம் பிள்ளைகளின் கல்வியையும் குடியிருப்பு மனைகளையும் கவனிக்க அது நியமித்த அலுவலருக்கு இட்ட பெயர் ‘லேபர் கமிஷனர்’ என்பதாகும். அவருடைய துறை நடத்திய பள்ளிகளை நம் பாட்டன்மார் ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்றே வழங்கினர். ஆலை வாசலையே மிதித்தறியாத சேரிப் பிள்ளையும் அரசாங்கக் கணக்கில் ‘லேபர்’ பிள்ளைதான்!

இச்சொல் மயக்கத்தை நாம் வேடிக்கைக்காகக் குறிப்பிடவில்லை. காஞ்சி மாநகரில் இன்று நம் இளைஞருள் செங்கொடி பிடிப்போர் உளர். நீலக்கொடி பிடிப்போர் உளர். கருஞ்சட்டை அணிவோரும் உளர். ஒரே தெருவில் பிறந்து, ஒரே இரவுப் பள்ளியில் படித்த இவர்கள் அரசியல் பேசத் தொடங்கினால் அரை நாழிகையில் பேச்சு அறுந்துபோகிறது. ஒருவர் ‘கூலி’ என்கிறார். மற்றவர் ‘சாதி’ என்கிறார். இருவரும் தம் தம் மேடைக்குத் திரும்பிவிடுகின்றனர். இந்தப் பிணக்கு நேற்றுத் தோன்றியதன்று. இதன் பிறப்பையும் வளர்ப்பையும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாற்றைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பதால், வெள்ளிவிழா மலரில் அதனை எடுத்துக்கொண்டோம்.

1891 ஆம் ஆண்டில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மையும், மிராசுதாரரை அண்டிப் பிழைக்கும் நிலையும், குடியிருக்கும் மனைகூடத் தமக்கென்று இல்லாமையும் அதில் விரித்துரைக்கப்பட்டன. அதன் பயனாக 1892 இல் பிறந்த ஆணையினால் கிடைத்தவையே நாம் இன்றும் மீட்கப் போராடிவரும் பஞ்சமி நிலங்கள். அவ்வறிக்கையைப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். அடிமைத்தனத்தின் காரணத்தை அது சாதியிலும் கண்டது, நிலவுடைமையிலும் கண்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அப்போது மேடையேறவில்லை.

மேடையேறிய ஆண்டு 1921. சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி குழுமத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இயங்கிவந்தன. சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர், கிறித்தவர் எனப் பல பிரிவினரும் அவற்றில் வேலை செய்தனர். நம் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றோர் அவருள் பலர். 1918 ஏப்ரல் 27 இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அவர்களை ஒன்றுசேர்த்தது. வாடியாவும் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் திரு.வி. கலியாணசுந்தரனாரும் அச்சங்கத்தை வளர்த்தனர். 1920 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நீண்ட வேலைநிறுத்தம் நடந்து தொழிலாளர் பட்டினியில் வாடினர். அக்கடன் அடையுமுன்பே 1921 ஜூனில் மறுபடியும் வேலைநிறுத்தம் மூண்டது. இம்முறை ஆதிதிராவிடருட் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர்.

ஏன் சென்றனர்? ‘கருங்காலிகள்’ என்று ஒரு சொல்லால் முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடித்தவர் அக்காலத்திலும் இருந்தனர். ஆனால் வேலையிழந்து ஊருக்குத் திரும்பினால் மற்றவர்க்குச் சிறிது நிலமோ, உறவினர் கையிருப்போ, கடன் கொடுக்கும் கடைக்காரரோ இருக்கக்கூடும். சேரிக்காரருக்கு இருந்தது ஆலைக்கூலி ஒன்றே. முதல் வேலைநிறுத்தத்தின் முழு எடையும் அவர் முதுகில் விழுந்தது. இரண்டாவதன்போது, ‘உங்களால் எத்தனை வாரம் தாங்கமுடியும்?’ என்று சங்கம் அவர்களைத் தனியே அழைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்பது நம் கருத்து. தொழிலாளி என்னும் ஒரு பெயருக்குள் எல்லாரும் அடங்கிவிட்டனர் என்ற நம்பிக்கை அக்கேள்விக்கு இடம் வைக்கவில்லை.

விளைவு கொடிது. புளியந்தோப்பில் கலகம் மூண்டது; குடிசைகள் எரிந்தன. வேலைக்குச் சென்றோருக்கும் செல்லாதோருக்கும் இடையே கைகலப்பும் கல்லெறியும் நாள்தோறும் நடந்தன. ஆகஸ்டு 29 ஆம் நாள் போலீசார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. வீடிழந்த ஆதிதிராவிடரை வியாசர்பாடியில் முகாம் அமைத்து அரசாங்கம் காத்தது. அதுவே பின்னர்க் குற்றச்சாட்டாயிற்று. ஆதிதிராவிடருக்கு அதிகாரிகள் காட்டிய சலுகையே கலகத்துக்குக் காரணம் என்று ஆளும் நீதிக்கட்சியின் முன்னணியினர் பேசலாயினர். அக்கட்சியோடு இணைந்து நின்ற எம்.சி. இராஜா அதனை மறுத்துப் போராடி, 1923 இல் விலகினார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஆலை முதலாளிக்கு இழப்பில்லை.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றைக் கருதிப்பார்த்தல் வேண்டும். சங்கத்தின் பக்கம் நின்ற திரு.வி.க.வும், சேரியின் பக்கம் நின்ற இராஜாவும் 1883 ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். ஒருவர் துள்ளத்திலும் மற்றவர் பரங்கிமலையிலும் பிறந்தனர். இரண்டும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஊர்கள். இருவரும் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றவர்கள். இருவரும் ஆசிரியத் தொழில் பார்த்தவர்கள். ஒரே மண்ணும் ஒரே பள்ளியும் தந்த இருவரையே 1921 எதிரெதிர்க் கரையில் நிறுத்தியது என்றால், இடையே இருந்த பள்ளம் தனிமனிதர் குணத்தால் விளைந்ததன்று என்பது தெளிவு. திரு.வி.க. சாதிச் செருக்குக் கொண்டவர் என்று அவருடைய பகைவரும் சொல்லார். இராஜாவை முதலாளியின் ஆள் என்று ஏசியவர்கள், 1922 இல் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்னும் பெயர்களை அரசாங்க ஏடுகளினின்றும் நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று எழுதச் செய்தவர் அவரே என்பதை மறந்தனர்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1925 நவம்பரில் நம் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசின் மாகாண மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் அதே திரு.வி.க. வைக்கம் போராட்டத்தின் புகழும், சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி இட்ட கசப்பும் நாட்டில் பரவியிருந்த நேரம். சட்டமன்றங்களிலும் பொதுப்பணிகளிலும் பிராமணர், பிராமணரல்லாதார், தீண்டாதார் எனப்பட்டோர் ஆகியோர்க்குத் தனித்தனியே இடம் வேண்டும் என்னும் வகுப்புவாரித் தீர்மானத்தைப் பெரியார் ஈ.வெ.ரா.வும் தோழர்களும் கொண்டுவந்தனர். தலைவர் அதனை அனுமதிக்கவில்லை. வாக்கெடுப்புக்கே அது வரவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் அடுத்த ஐம்பதாண்டுப் போக்கு அன்று காஞ்சியில் திரும்பியது என்று கூறுவது மிகையாகாது.

சாதிவாரியாகப் பிரித்தால் நாட்டின் ஒற்றுமை குலையும் என்பது தலைவர் பக்கத்து எண்ணம். பிரிவு முன்னமே இருக்கிறது, அதைக் கணக்கில் எடுங்கள் என்பது பெரியார் பக்கத்து வாதம். இவ்வளவு பேச்சும் கோயில்கள் சூழ்ந்த ஊரில் நடந்தது. பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் எவரையும் தடுக்கலாகாது என்று இரட்டைமலை சீனிவாசனார் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது அதற்கு முந்தைய ஆண்டில்தான். தீர்மானம் வேறு, தெருவில் நடப்பது வேறு என்பதைக் கோயில் நகரத்துச் சேரியினருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாநாட்டில் ‘தீண்டாதார்’ என்னும் சொல் இரு பக்கத்திலும் ஒலித்தது. அம்மக்களின் குரல் எவ்வளவு ஒலித்தது என்பது வேறு கேள்வி.

அடுத்த திங்களே, டிசம்பரில், கான்பூரில் முதல் கம்யூனிஸ்டு மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவரும் தமிழரே: மீனவக் குலத்தில் தோன்றிய சிங்காரவேலர். பொருளாதாரத்தில் பிறரை அண்டி வாழும் நிலை தீர்ந்தால் தீண்டாமை தானே மறையும் என்னும் கருத்தை அவர் தம் உரையில் கூறினார். புத்த நெறியில் ஈடுபட்டு, சாதியின் கொடுமையை நன்கறிந்த ஒருவர் இவ்வாறு கூறியது வியப்பளிக்கலாம். ஆனால் அவர் அக்கூற்றோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் பெரியாரின் ‘குடி அரசு’ ஏட்டில் தொடர்ந்து எழுதினார். 1932 டிசம்பரில் ஈரோட்டில் வகுத்த சமதர்மத் திட்டத்துக்கு வடிவு கொடுத்தார். நாத்திகரும் கம்யூனிஸ்டும் ஒரே பக்கத்தில் அச்சேறியமையால் சேரிப்படிப்பகங்களில் இரண்டு கருத்தும் ஒருங்கே வாசிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அரசாங்க அடக்குமுறையாலும் உட்பூசலாலும் அக்கூட்டு முறிந்தது.

பிணக்கு நம்மவர்க்குள்ளும் இருந்ததை மறைத்தல் ஆகாது. 1932 இல் இராஜா, கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடம் போதும் என்று மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டார். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருக்குத் துணைநின்ற சீனிவாசனார் தனித் தொகுதியே வேண்டும் என்றார். செங்கல்பட்டு மாவட்டம் ஈன்ற இவ்விருவரும் அவ்வாண்டு செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

இனி, நெசவூரில் வாழும் நாம் தனித்துக் கருதவேண்டிய செய்தி ஒன்று பம்பாயில் நிகழ்ந்தது. அங்குள்ள துணியாலைகளில் நெசவுப் பகுதிக்குக் கூலி மிகுதி. அங்கே நம்மவரைச் சேர்ப்பதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பும் வரும், நெஞ்சும் எரியும். நாடாவில் நூல்கண்டு மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்சிக் கண்ணில் கோக்க வேண்டும். தீண்டப்படாதவன் வாய் வைத்த நாடாவில் சாதிக்காரன் வாய் வைப்பதா? தடை போட்டது முதலாளியன்று. உடன் உழைத்த தொழிலாளியே. 1928 ஆம் ஆண்டுப் பெரிய வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் தலைவர்களிடம் சென்று, எல்லாப் பகுதியிலும் எம்மவர்க்கு வேலை என்பதைக் கோரிக்கையில் சேருங்கள், இன்றேல் எம்மவரை வேலைநிறுத்தத்திற்கு வரவேண்டாம் என்பேன் என்றார். அவர்கள் தயங்கிச் சேர்த்தனர். ஆலை முதலாளிகள் அதைப் படித்துவிட்டு, இக்குறைக்கு நாங்கள் பொறுப்பில்லையே என்று கைவிரித்தனர். முதலாளி உண்மை பேசிய அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று.

1936 இல் லாகூர் மாநாட்டுக்கென எழுதி, பேச இயலாமற்போன உரையில், சாதி என்பது வேலையை மட்டுமன்றி வேலை செய்வோரையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் விளக்கினார். அதனைத் தமிழில் விரைந்து தந்தது ‘குடி அரசு’. 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் இரயில்வேத் தொழிலாளரிடையே, பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரு பகைகள் என்றார். அவ்வாண்டு நவம்பர் 7 இல், தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினர். பத்தாண்டுகளுக்கு முன் நாடாவைப் பற்றிக் கடிந்து பேசிக்கொண்டவர்களே அவர்கள். கடிந்து பேசியதனாலேயே பின்னர்ச் சேர முடிந்தது என்பது நம் துணிபு. ஒற்றுமை நிலைக்கவில்லை என்பதும் மெய்யே.

சென்னையின் 1921 உடன் இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பம்பாயில் வேலைநிறுத்தத்தின்போதே நம் கோரிக்கை மேசைமேல் வைக்கப்பட்டது. பெரம்பூரில் கலகம் நடந்த பின்பு முகாமில் வைத்துக் கேட்கப்பட்டது.

காஞ்சியின் தறிகளுக்கும் இக்கதை பொருந்தும். கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறியில் இருவர் வேண்டும். உடலை ஒருவர் நெய்ய, கரையின் நாடாவைத் துணையாள் எறிவார். பட்டு கருநாடகத்திலிருந்து வரும். சரிகை சூரத்திலிருந்து வரும். முதல் போடுவோர் ஒருவர், கூலிக்கு நெய்வோர் மற்றொருவர். பாவு நீட்டுவதற்கு நீண்ட தெரு வேண்டும். தெருவோ சாதிப் பெயரோடு இருந்தது. பிற்காலத்தில் சுற்றுப்புறச் சிற்றூர்களில் நம் மக்களும் தறி ஏறினர். கூலி உயர்வுக்கு ஊர்வலம் போகும் நாளில் எல்லாரும் ‘நெசவாளர்’. பாவு எந்தத் தெருவில் நீட்டுவது என்னும் கேள்வி எழுந்தபோது அப்பெயர் போதவில்லை.

1957 தேர்தலில் காஞ்சிபுரம் அறிஞர் அண்ணாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. செங்கல்பட்டு நாடாளுமன்றத் தொகுதி, அம்பேத்கர் இயக்கத் தலைவர் என். சிவராஜை அனுப்பியது. பத்தாண்டு கழித்து அண்ணா அமைத்த கூட்டணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுக் கட்சியும் ஒன்றாக அமர்ந்தன. அக்கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. ஆட்சி ஏறிய இரண்டாம் ஆண்டில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட செங்கொடிச் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டனர். அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969 இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி பற்றிய கேள்விக்குச் சட்டம் விடை கூறியது. எரிந்த 44 பேரும் சேரியினராகவே இருந்தது ஏன் என்னும் கேள்வி அந்த ஆணையத்தின் முன் வைக்கப்படவில்லை.