ஒட்டுவதும் ஒட்டாததும்: திறமூல டெஸ்க்டாப் சூழல்களில் வெளியார் செயலிகள்

1. ஆய்வின் எல்லை

லினக்சில் ஒரு செயலி ஓடுவது வேறு, இருக்கும் சூழலோடு ஒட்டிப்போவது வேறு. ஓடுவதற்குக் கெர்னலும் சில நூலகங்களும் போதும். ஒட்டிப்போக வேண்டுமானால் மெனுவில் அதன் பெயர் வர வேண்டும். கோப்பைச் சொடுக்கினால் அது திறக்க வேண்டும். சூழல் இருள்நிறத்துக்கு மாறினால் அதுவும் மாற வேண்டும். விசையைத் தட்டினால் தமிழ் விழ வேண்டும். க்னோமுக்கென்றே எழுதிய செயலிக்கு க்னோமில் இவற்றில் பெரும்பாலானவை கேட்காமலே கிடைக்கும். க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என எங்கும் ஓட வேண்டிய, எந்தச் சூழலுக்கும் சொந்தமில்லாத செயலிக்குத்தான் பாடு. உலாவிகளும் அலுவலகத் தொகுப்புகளும் இந்த வகை. இங்கே அவற்றை ‘வெளியார் செயலி’ என்கிறேன்.

பெயர், இடம், வகை என்று வெறும் தகவலைப் பற்றி உடன்பாடு எழுந்த இடங்களில் இணக்கம் நிலைத்தது. திரையின் இந்த மூலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்த இடங்களில் அது முறிந்தது. இக்கட்டுரை காட்ட முயல்வது இதைத்தான்.

2. பிளவின் வேர்

1996இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇயைத் தொடங்கினார். அவர் தேர்ந்த க்யூடி நூலகத்தின் உரிமம் அப்போது கட்டற்றதாக இல்லை. அந்த மனக்குறையே 1997இல் மிகேல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கக் காரணம். அவர்கள் ஜிடிகே நூலகத்தை எடுத்துக்கொண்டார்கள். 2000இல் க்யூடி ஜிபிஎல் உரிமத்துக்கு வந்து காரணம் தீர்ந்தது. அதற்குள் இரண்டு வீடும் கட்டி முடிந்து, இரண்டிலும் ஆட்கள் குடியேறியிருந்தார்கள்.

அதே 2000இல் ஹவோக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் முயற்சி இரு வீட்டாரும் பேசிக்கொள்ளும் திண்ணையாயிற்று. திண்ணை என்பது பொருத்தமான சொல்தான், ஏனெனில் அங்கே பேசலாமே தவிர ஆணையிட முடியாது. செயலிகளுக்கிடையே செய்தி கடத்தும் டி-பஸ் அங்கே உருவானது. கேடிஇ தன் சொந்த டிகாப் முறையைக் கைவிட்டு, 2008இல் வந்த நான்காம் பதிப்பில் அதை ஏற்றது. ஒரு திட்டம் தான் வளர்த்ததை விட்டுப் பொதுவானதை எடுத்துக்கொள்வது அடிக்கடி நடப்பதில்லை.

3. டெஸ்க்டாப் கோப்பு

இணக்கத்தின் அடிப்படை அலகு ஒரு சிறிய உரைக்கோப்பு. செயலியின் பெயர், இயக்கும் கட்டளை, சின்னத்தின் பெயர், அது திறக்கும் கோப்பு வகைகள், மெனுவில் எந்தப் பிரிவு என்பவை வரிக்கு ஒன்றாக அதில் இருக்கும். உரிய கோப்புறையில் அதை வைத்துவிட்டால் எல்லாச் சூழல்களும் அதையே படித்து மெனுவைக் கட்டுகின்றன. நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை. இத்தனை காலம் அது தாங்கியதற்கு அந்த எளிமையே காரணம் என்பது என் எண்ணம்.

ஆனாலும் வழுக்கும் இடங்கள் உண்டு. கட்டளை வரியின் கடைசியில் விழுக்காட்டுக் குறியோடு ஓர் ‘எஃப்’ வரும். சிறிய எஃப் என்றால் ஒரு கோப்பு, பெரிய எஃப் என்றால் கோப்புகளின் பட்டியல். பல கோப்புகளைத் திறக்க வல்ல படம் பார்க்கும் செயலிக்குச் சிறியதைப் போட்டுவிட்டால், பயனர் ஐந்து படங்களைத் தெரிவுசெய்து திறக்கும்போது செயலி ஐந்து முறை தொடங்கும். பயனர் கணினியைத் திட்டுவார். பிழையோ ஓர் எழுத்தில் இருக்கும்.

இன்னொன்று பெயர்ப்பொருத்தம். எக்ஸ் சாளர முறைக்கு மாற்றாக வந்த வேலண்டில் சாளரம் தன்னை எந்த அடையாளத்தால் அறிவிக்கிறதோ, அதுவே டெஸ்க்டாப் கோப்பின் பெயராகவும் இருக்க வேண்டும். இல்லையேல் சூழலால் இரண்டையும் முடிச்சுப்போட முடியாது. பணிப்பட்டையில் செயலியின் சின்னத்துக்குப் பதில் ஏதோ ஒரு பொதுச் சின்னம் நிற்கும். சின்னத்தையும் ‘ஹைகலர்’ எனும் பொதுத் தொகுதியில், குறைந்தது 48 படப்புள்ளி அளவில் வைப்பது விதி.

பெயர் வரிக்கு அடைப்புக்குறிக்குள் மொழிக்குறியீடு சேர்த்து மொழிபெயர்ப்பும் தரலாம். தமிழில் பெயர் தர ஒரே ஒரு வரி போதும். வெளியார் செயலிகளில் அந்த ஒரு வரியைக் காண்பது அரிது.

4. போர்ட்லண்ட் கருவிகள்

2005 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் டெஸ்க்டாப் வடிவமைப்பாளர்கள் கூடியதன் விளைவு, 2006இல் வெளியான எக்ஸ்டிஜி-யூட்டில்ஸ். இவை வெறும் ஷெல் நிரல்கள். எக்ஸ்டிஜி-ஓபன் கட்டளையிடம் ஒரு கோப்பைத் தந்தால், நடப்புச் சூழல் எது என்று பார்த்து அந்தச் சூழலின் திறக்கும் கருவியிடம் கைமாற்றும். தரகர் வேலைதான், ஆனால் தேவையான தரகர்.

5. முறிந்த இடங்கள்

பணிப்பட்டையில் செயலிகளின் சிறு சின்னங்கள் நிற்கும் அறிவிப்புத் தட்டு முதல் சான்று. எக்ஸ் சாளர முறையில் செயலி தன் குட்டிச் சாளரத்தையே பட்டையில் பதித்தது. கேடிஇ அதற்கு மாற்றாக, செயலி தகவலை மட்டும் டி-பஸ் வழியே தரட்டும், வரைவதைப் பட்டை பார்த்துக்கொள்ளும் என்ற முறையைக் கொண்டுவந்தது. க்னோம் அதை ஏற்கவில்லை. 2017இல் 3.26 பதிப்பில் பழைய தட்டையும் எடுத்துவிட்டது. அடுத்த மாதமே வந்த உபுண்டு 17.10 ஒரு நீட்சியைச் சேர்த்து இடைவெளியை அடைத்தது. சாளரத்தை மூடினாலும் பின்னணியில் ஓடும் அரட்டைச் செயலி, தட்டு இல்லாத சூழலில் எங்கே போயிற்றென்றே தெரியாது.

தலைப்புப்பட்டை இரண்டாவது. கேடிஇ சாளரத்துக்கு வெளியே தானே பட்டை வரையும். க்னோமோ வேலண்டில் அது செயலியின் வேலை என்கிறது. இதை அறியாமல் எழுதிய செயலி, இழுக்கவோ மூடவோ பிடியில்லாமல் வெறுங்கட்டமாக நிற்கும். லிப்டெகார் போன்ற நூலகங்கள் இதற்காகவே பிறந்தன. க்னோமின் வடிவக் கொள்கையில் நியாயம் உண்டு. அதன் செலவை வெளியார் செயலியின் தலையில் கட்டியதில் நியாயம் குறைவு.

6. தமிழ் விழும் இடம்

ஐபஸ் அல்லது எஃப்சிடிக்ஸ் உள்ளீட்டு முறை வழியாகத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறோம். எழுத்து செயலிக்குள் போய்ச் சேர, செயலியின் நூலகத்தில் அதற்கான செருகுநிரல் இருக்க வேண்டும். க்யூடியைத் தன்னோடு பொதிந்து வரும் செயலிகள் சிலவற்றில் அந்தச் செருகுநிரல் விடுபட்டுப்போகும். நான் பயன்படுத்திய ஒரு குறிப்பேட்டுச் செயலியில் எல்லாம் அழகாக இருந்தது, ‘அ’ மட்டும் வரவில்லை. வேலண்டில் சிக்கல் வேறு. உள்ளீட்டு நெறிமுறையில் குரோமியம் நெடுநாள் முதற்பதிப்பையே பேசியது. க்னோம் மூன்றாம் பதிப்பை மட்டுமே ஏற்றது. ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கும் நிரலர் கண்ணில் இது படவே படாது.

7. போர்ட்டல்

ஃப்ளாட்பேக் பொதிகளோடு வந்த போர்ட்டல் முறை, வேலைப்பிரிவினையை மாற்றியது. கோப்பைத் தெரிவுசெய்யும் சாளரத்தைச் செயலி வரைவதில்லை. “ஒரு கோப்பு வேண்டும்” என்று டி-பஸ்ஸில் கேட்கிறது, சூழல் தன் பாணியில் சாளரத்தைக் காட்டுகிறது. ஜிடிகேயைப் பயன்படுத்தும் ஃபயர்பாக்ஸ்கூட இந்த வழியில் கேடிஇயின் கோப்புச் சாளரத்தையே காட்டும். இருளா, ஒளியா என்ற நிறவிருப்பமும் இப்படியே ஒற்றை எண்ணாகக் கிடைக்கிறது: இருளுக்கு 1, ஒளிக்கு 2, விருப்பமில்லையென்றால் 0. தோற்றம் பற்றிய சச்சரவைக்கூட தகவலாக மாற்றிவிட முடிகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தட்டுக்கு மட்டும் அந்த வழி இன்னும் திறக்கவில்லை. எந்தச் சூழலில் ஓடினாலும், தட்டில் இடம் வேண்டும் ஃப்ளாட்பேக் செயலி தன் அனுமதிப் பட்டியலில் எழுத வேண்டிய டி-பஸ் முகவரியில் இன்றும் கேடிஇயின் பெயரே நிற்கிறது.